ஸ்டிரிங்கர் அழுகிவிட்டது: மரமா, நுரையா, ஊற்றும் கலவையா?

எஞ்சினைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்றை இறுக்கப் போனேன். ஸ்பானரைத் திருப்பத் திருப்ப போல்ட்டும் கூடவே சுற்றியது. இறுகவில்லை, கழன்று வரவும் இல்லை. நாலைந்து சுற்றுக்குப் பிறகு அதன் ஓரத்திலிருந்து கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் கசிந்தது. மழையில் ஊறிப்போன வைக்கோல் போரைக் கிளறினால் வருமே, அந்த வாடை.

தூத்துக்குடியில் நான் பழையதாக வாங்கிய 18 அடி பைபர் படகு அது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் உள்ளே உட்கார்ந்திருக்கும். வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. அடி ஓட்டில் கீறல்கூடக் கிடையாது. ஆனால் அந்த ஓட்டை விறைப்பாக வைத்திருந்த மரச்சட்டங்கள், அதாவது ஸ்டிரிங்கர்கள், உள்ளுக்குள் கூழாகிப் போயிருந்தன. பழைய பைபர் படகை வாங்கியவர்கள் பலரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். மாற்றத்தான் வேண்டும், சரி. எதை வைத்து மாற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. மூன்று மாதம் கேட்டு, கணக்குப் போட்டு, கடைசியில் கையை வைத்து முடித்த வேலை இது. அதே முடிவின் முன் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்டிரிங்கர் என்பது படகின் அடியில் அணியத்திலிருந்து (முன்முனை) பின்பலகை வரை நீளவாக்கில் ஓடும் சட்டம். ஓட்டு வீட்டுக்கு உத்திரம் எப்படியோ, பைபர் படகுக்கு இது அப்படி. பைபர் ஓடு கிழியாது, ஆனால் வளையும். அலையில் ஏறி விழும்போது அடி ஓடு உள்ளே அமுங்கி வெளியே புடைக்காமல் பிடித்துக்கொள்வது இந்தச் சட்டம்தான். எஞ்சின் உள்ளே இருந்தால் அதன் எடையும் அதிர்வும் இதன் தலையில்தான் இறங்கும். பல பழைய படகுகளில் பிளைவுட்டையோ மரத்தையோ நிறுத்திவைத்து, மேலே ஒன்றிரண்டு அடுக்கு கண்ணாடி இழை மேட்டும் (வெட்டிய இழைகளாலான விரிப்பு) ரெசினும் (இறுகும் பிசின்) போட்டு மூடியிருப்பார்கள். ‘பைபர் போட்டுவிட்டோம், இனித் தண்ணீர் போகாது’ என்ற நம்பிக்கை. பாலியஸ்டர் ரெசின் மரத்தோடு காலம் முழுக்கக் கெட்டியாக ஒட்டி நிற்பதில்லை. ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் போதும், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும்.

அழுகியதற்குக் காரணம் கடல் தண்ணீர் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் பெரும்பங்கு மழைத் தண்ணீருடையது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. பழைய மரக்கப்பல்களில் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி வைக்கும் வழக்கமே இருந்திருக்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடாமல் கிடக்கும் படகில் நல்ல தண்ணீர் தேங்குகிறது. தளத்தில் அடித்த திருகாணி, எஞ்சின் போல்ட், தண்ணீர் ஓடுவதற்காகச் சட்டத்தில் போட்ட துளை என்று பூச்சில்லாத மரம் தெரியும் ஒவ்வொரு வாயிலும் அது இறங்குகிறது. என் படகில் மிக மோசமாக அழுகியிருந்த இரண்டு இடங்கள் எஞ்சின் போல்ட்டின் அடியும், ரெசின் பூசாமல் விட்டிருந்த தண்ணீர்த் துளையும்தான். நடுவே ஒரு முழத்துக்கு மரம் இன்னும் நன்றாகவே இருந்தது. பொருளைத் தேர்வதற்கு முன்னால் இதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்: தண்ணீர் எந்த வழியாக வந்தது? அந்த வழி அடைபடாவிட்டால் எந்தப் பொருளும் நிம்மதி தராது.

எவ்வளவு தூரம் அழுகியிருக்கிறது என்று பார்க்க, சுத்தியலின் பின்பக்கத்தால் சட்டம் நெடுகத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று சொல்லும், கெட்ட இடம் பூசணிக்காயைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடங்களில் 6 மி.மீ. துளை போட்டு வெளியே வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்து சுருண்டு வந்தால் மரம் இருக்கிறது. கருப்பாக, பிசுபிசுப்பாக வந்தால் இல்லை. வெட்டியெடுத்த சட்டத்தில் 30 செ.மீ. துண்டு ஒன்றை நிறுத்துப் பார்த்தேன்: 2.1 கிலோ. மாடியில் மூன்று வாரம் காய வைத்து மறுபடி நிறுத்தேன்: 1.1 கிலோ. ஓரடித் துண்டில் ஒரு லிட்டர் தண்ணீரைப் படகு சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

வெட்டாமல் சமாளிக்க முடியுமா

முதலில் எல்லோரும் தேடுவது இதைத்தான், நானும் தேடினேன். வரிசையாகத் துளை போட்டு நீர்த்த எபாக்ஸியை (பாலியஸ்டரைவிடக் கெட்டியாக ஒட்டும் ரெசின்) உள்ளே செலுத்துவது ஒரு வழி. கேட்க நன்றாக இருக்கும். ஈரமான மரத்துக்குள் ரெசின் இறங்காது என்பதுதான் சிக்கல். அங்கிருக்கும் தண்ணீரை அது தள்ளி வெளியேற்றாது; துளையைச் சுற்றி ஒரு குச்சி போல இறுகி நின்றுவிடும். ஒரு சாண் அளவுக்கு ஓரிடத்தில் மட்டும் கெட்டிருந்து, அதை எலும்பாகக் காயவைக்கவும் முடிந்தால் செய்யலாம். சட்டம் முழுவதும் ஊறியிருந்தால் பணம்தான் வீண்.

பழைய சட்டத்தை அப்படியே விட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று ஒட்டுவது இன்னொரு வழி. ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம். அழுகலை உள்ளே வைத்து மூடுகிறோம் என்ற உறுத்தல் மட்டும் போகாது. ஊறிய மரத்தின் எடையையும் படகு தொடர்ந்து சுமக்கும். படகை ஒரு வருடத்தில் கைவிடப் போகிறவரைத் தவிர வேறு யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

பிளைவுட்

மரத்தை இகழ்ந்து பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ‘மறுபடியும் மரமா?’ என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. கையால் போட்ட மேட் லேமினேட்டும் (ரெசினில் ஊறி இறுகிய இழை அடுக்கு) நல்ல பிளைவுட்டும் விறைப்பில் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் நிற்பவை. எடையிலோ பிளைவுட் பாதிக்கும் குறைவு. ஒரு கன மீட்டர் பைபர் லேமினேட் சுமார் 1,500 கிலோ என்றால் பிளைவுட் 600 முதல் 700 கிலோ. அதாவது மரச் சட்டத்தில் மரம் வெறும் அச்சு இல்லை. சுமையில் பெரும்பங்கை அதுதான் தாங்குகிறது. அதனால்தான் அந்தக் காலத்தில் மேலே ஒன்றிரண்டு அடுக்கு பைபரோடு விட்டும் படகு ஓடியது.

வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் ‘வாட்டர்ப்ரூப்’ என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஐ.எஸ். 303 ரகம், அது வீட்டு அலமாரிக்கு. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: உள்ளடுக்குகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் அந்தப் பலகை வேண்டாம். அந்த ஓட்டை நாளை தண்ணீருக்குக் கால்வாய்.

பலகையின் நீளம் 8 அடி; என் சட்டம் 4.2 மீட்டர். ஆகவே 19 மி.மீ. பலகைகள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி, முதலடுக்கின் இணைப்பும் இரண்டாவது அடுக்கின் இணைப்பும் ஓரிடத்தில் வராமல் குறைந்தது இரண்டடி தள்ளி வைக்க வேண்டும். மேல் விளிம்பை உருட்டிவிட வேண்டும். கூர்மையான மூலையில் கண்ணாடி இழை படியாது, அடியில் காற்று நிற்கும். உள்ளே வைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டு விளிம்பில், எபாக்ஸி மூன்று கை பூசிவிட வேண்டும். வெட்டு விளிம்பு ஸ்பாஞ்சு போலக் குடிக்கும்.

மரப்பலகையையே வைக்கலாமே என்று எங்கள் ஆசாரி கேட்டார். தேக்கு எளிதில் அழுகாதுதான். ஆனால் அதிலிருக்கும் எண்ணெய்ப் பசை ரெசினை ஒட்டவிடாது. ஒட்டும் நேரத்தில் அசிட்டோன் போட்டுத் துடைத்தாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வள்ளம் கட்டுகிறவர்கள் விரும்பும் அயனி நல்ல மரம். மர வள்ளத்தில் அதற்குச் சுருங்கி விரிய இடம் உண்டு. பைபருக்குள் பூட்டினால் அந்த அசைவே ஒட்டைப் பிரிக்கும். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அவ்வளவு அசையாது. மரம்தான் என்று முடிவாகிவிட்டால் என் ஓட்டு பிளைவுட்டுக்கே.

நுரை

நுரை என்றதும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். பணத்தை இழப்பது அங்கேதான். தெர்மாகோலின் மேல் பாலியஸ்டர் ரெசினைத் தடவினால் கண் முன்னாலேயே கரைந்து குழியாகிவிடும். ரெசினிலுள்ள ஸ்டைரீன் அதைத் தின்றுவிடுகிறது. சமையலறை அலமாரிக்கு விற்கும் பி.வி.சி. போர்டைப் ‘படகுக்கும் இதுதான்’ என்று ஒரு கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். அது வேறு பொருள். வெயிலில் தளரும், ரெசினோடு சரியாக ஒட்டாது. படகுக்கு உரியது உள்ளே குறுக்குப் பிணைப்பு ஏற்றிய கட்டுமான பி.வி.சி. நுரை, டிவினிசெல், ஏரெக்ஸ் போன்ற பெயர்களில் வருவது. கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ளது சட்டத்துக்குப் போதும். பலகையாக வெட்டிய பாலியூரித்தேன் நுரை விலை குறைவு. ஆனால் 32 கிலோ அடர்த்தி ரகம் விரலால் அழுத்தினாலே நொறுங்கும், நாளடைவில் தண்ணீரும் குடிக்கும். அச்சு வேலைக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கூசா போன்ற பெயரில், கண்ணாடி இழை கலந்த அடர்த்தியான பாலியூரித்தேன் பலகை கிடைக்கிறது. கன மீட்டருக்கு 320, 416 கிலோ என்று அடர்த்தி வாரியாக ரகங்கள் உண்டு. அங்கே படகைப் புதுப்பிக்கிறவர்களுக்கு அது எளிய விடை. இங்கே தருவித்தால் விலை கையைச் சுடும்.

நுரையைப் பற்றி மனதில் பதிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நுரைக்கு விறைப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அது மேலே போடும் பைபருக்கு உருவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். சுமையைத் தாங்குவது முழுக்க முழுக்கத் தொப்பி போலக் கவிழ்ந்து நிற்கும் பைபர் ஓடு. அழுகிய மரத்தை எடுத்துவிட்டு, அதே அளவு நுரையை வைத்து, பழையபடி இரண்டு அடுக்கு மேட்டைப் போட்டால், அழுகாத சட்டம் கிடைக்கும். ஆனால் பழைய மரச் சட்டத்தைவிடப் பல மடங்கு தளர்வான சட்டமாக அது இருக்கும். ‘நுரை போட்டேன், ஒரே வருடத்தில் தளம் வெடித்தது’ என்ற புலம்பலைக் கேட்கும்போதெல்லாம் நான் கேட்பது, ‘எத்தனை அடுக்கு போட்டீர்கள்?’ என்றுதான்.

என் படகின் கணக்கைச் சொல்கிறேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு சுமார் 1 மி.மீ. கனம் தரும், 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) சுமார் 0.8 மி.மீ. பிளைவுட்டுக்கு மேலே மேட், ரோவிங், மேட் என்று 2.8 மி.மீ. போதும் என்று வைத்தேன். நுரைக்கு மேட்டும் ரோவிங்குமாக மூன்று ஜோடி: 5.4 மி.மீ. அதன் பிறகு தலைப்பகுதியில் மட்டும் நீளவாக்கில் இழை ஓடும் பட்டை இரண்டு. சட்டம் வளைய முயலும்போது அதிகம் இழுபடுவதும் அமுங்குவதும் தலையும் அடியும்தான். அடிப்பக்கத்தை ஓடு பார்த்துக்கொள்கிறது. தலையை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயரம் இதைவிட முக்கியம். சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும். உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்காகும். 10 சதவீதம் மட்டும் கூட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு கிடைக்கும். தளத்துக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

எடை குறையும் என்று நுரையைத் தேர்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் இரண்டு முதன்மைச் சட்டங்களும் தலைக்கு 4.2 மீட்டர் நீளம், 160 மி.மீ. உயரம், 40 மி.மீ. அகலம். பிளைவுட்டில் செய்தால் இரண்டுக்கும் மரம் மட்டும் 35 கிலோ. நுரையில் 4 கிலோ சொச்சம். 30 கிலோ மிச்சம் என்று முதலில் துள்ளினேன். கூடுதலாகப் போட வேண்டிய 2.6 மி.மீ. பைபரைக் கணக்கிட்டால் அதிலேயே 18 கிலோ திரும்பி வந்துவிட்டது. எஞ்சின் உட்காரும் இடத்தைக் கெட்டிப்படுத்தியதும் மிச்சம் என்று எதுவுமே இல்லாமல் போனது. அதைக் கீழே சொல்கிறேன். நுரையைத் தேர்வதற்கு நியாயமான காரணம் அழுகாமைதான், எடையல்ல.

ஊற்றும் கலவை, அலுமினியம்

சட்டத்தின் தலையை மட்டும் திறந்து, உள்ளேயுள்ள அழுகலைச் சுரண்டி எடுத்து, பழைய பைபர் ஓட்டையே அச்சாக வைத்து ரெசின் கலவையை ஊற்றி நிரப்பும் முறை ஒன்று உண்டு. வெளிநாட்டில் இதற்கென்றே தயாரித்த கலவைகள் விற்கிறார்கள். இங்கே ரெசினோடு வெட்டிய இழையும் எடை குறைந்த பொடியும் கலந்து செய்கிறார்கள். அவுட்போர்டு எஞ்சின் தொங்கும் பின்பலகைக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். அங்கே இரு பக்கமும் பைபர் கனமாக இருக்கும், மேலிருந்து அடிவரை கை எட்டும். சட்டத்தில் பழைய ஓடே இரண்டு மூன்று மி.மீ.தான், அது மரத்தை விட்டுப் பல இடங்களில் பிரிந்தும் இருக்கும். அடியில் ஈர மரம் ஒரு பிடி மீந்தாலும் கலவை அதன்மேல் ஒட்டாது. மொத்தமாக ஊற்றினால் சூடு ஏறிப் புகைந்து வெடித்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். என் சட்டத்துக்கு இது பொருந்தவில்லை.

அலுமினியச் சட்டம் பற்றி ஒருவர் விடாமல் பேசினார். உப்புத் தண்ணீரில் அலுமினியத்துக்கும் ரெசினுக்கும் நடுவே அரிப்பு புகுந்தால் ஒட்டு உரிந்துவிடும். எவர்சில்வர் போல்ட் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாகும். அதோடு நான் விட்டுவிட்டேன்.

ரெசினைத் தேர்வதும் இதே அளவு முக்கியம்

எந்தப் பொருளை வைத்தாலும் அது பழைய ஓட்டோடு எப்படி ஒட்டுகிறது என்பதில்தான் எல்லாம் முடிகிறது. முப்பது வருடம் முன்பு இறுகிய ஓட்டோடு புது ரெசின் வேதிமுறையில் ஒன்றாகாது; சுரண்டிச் சொரசொரப்பாக்கிய பரப்பைப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில் எபாக்ஸிதான் முதலிடம். வினைல் எஸ்டர், ஐசோ பாலியஸ்டர், சாதாரண ஜி.பி. (பொதுப் பயன்பாட்டு) பாலியஸ்டர் என்று அதன் பின் வருகின்றன. சாதாரண ஜி.பி. ரெசினைச் சட்டம் ஒட்டும் வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். மரத்துக்கு மேல் போடுவதென்றால் எபாக்ஸி மட்டுமே. பாலியஸ்டர் போட்டதால்தானே முதல் மரம் அழுகியது. நுரையென்றால் ஐசோ பாலியஸ்டரோ வினைல் எஸ்டரோ தாராளமாகப் போதும், விலையும் பல மடங்கு குறைவு. ஆகவே விலை கேட்கும்போது ‘பிளைவுட்டும் எபாக்ஸியும்’, ‘நுரையும் ஐசோவும்’ என்று ஜோடியாகக் கேளுங்கள். பிளைவுட் மலிவு என்ற எண்ணம் அப்போது ஆட்டம் காணும். எனக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகையில் வந்து நின்றன.

எபாக்ஸி எடுப்பவர்கள் சாதாரண மேட்டைத் தவிர்க்க வேண்டும். மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை, எனவே மேட் விறைத்து நின்று மூலையில் படியாது. நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள். எபாக்ஸி இறுகியபின் மேலே மெழுகு போல ஒரு படலம் வரலாம். அடுத்த அடுக்குக்கு முன் தண்ணீரால் கழுவித் தேய்த்துவிட வேண்டும்.

பாலியஸ்டரில் வேலை செய்பவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒன்றோடொன்று நேராகச் சேர்க்கவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். எங்கள் மேஸ்திரி இருபத்தைந்து வருடமாகக் கண்ணாடி போடாமல் வேலை செய்தவர். ‘அண்ணாச்சி, கண்ணாடி போட்டால்தான் இன்றைக்கு வேலை’ என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் போட்டுக்கொண்டார்.

நான் எடுத்த முடிவு

என் படகுக்குக் கூரை கிடையாது. ஐப்பசி மழை முழுக்க அதன்மேல்தான் பெய்யும். எவ்வளவு கவனமாக மூடினாலும் பத்து வருடத்தில் எங்கேயாவது ஒரு துளை வாய் திறக்கும் என்று வைத்துத்தான் யோசித்தேன். ஆகவே நீளம் முழுக்கக் கட்டுமான நுரை, ஐசோ ரெசின்.

எஞ்சின் உட்காரும் 1.2 மீட்டரில் நுரை கூடாது. போல்ட்டை இறுக்கினால் நசுங்கிவிடும். அங்கே பிளைவுட் வைத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். முன்பு அழுகியதே அந்த இடம்தான், போல்ட் துளை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியது என்பதால் மனம் ஒப்பவில்லை. சன்மைக்கா ஒட்டிய பழைய மேசைப் பலகையில் மெழுகு தேய்த்து, அதன்மேல் மேட்டும் ரோவிங்கும் மாற்றி மாற்றிப் போட்டு 12 மி.மீ. கனத்தில் தகடுகள் செய்தோம். ஒரே மூச்சில் போட்டால் சூடேறி வளைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தகட்டையும் இரண்டு தவணையாகப் போட்டோம். மூன்று தகடுகளை ரெசின் பூசிய மேட் நடுவே வைத்து ஒட்டியதும் 40 மி.மீ. கட்டை ஒன்று கிடைத்தது. முழுக்கப் பைபர், சுத்தியலால் அடித்தால் மணி போலக் கேட்டது. ஒன்றின் எடை 12 கிலோ. இரண்டு கட்டைகளையும் சேர்த்ததும், பிளைவுட்டில் செய்திருந்தால் ஆகியிருக்கும் எடையைவிட 10 கிலோ கூடுதலாகிவிட்டது. தெரிந்தே செய்தேன், வருத்தமில்லை.

இதே படகு ஷெட்டுக்குள் நிற்பதாக இருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன். எஞ்சினுக்கு அடியில் மட்டும் இந்தப் பைபர் கட்டை. மற்ற நீளத்துக்கு எபாக்ஸி பூசிய பிளைவுட். மரத்தில் தெரிந்த கையுள்ள ஆசாரி பக்கத்தில் இருந்தால் வேலை வேகமாக முடியும், மேலே அடுக்கும் குறைவு. பைபரில் பழகிய கை குறைவாகவும் மரத்தில் பழகிய கை அதிகமாகவும் உள்ள இடத்தில் அது பெரிய அனுகூலம். எஞ்சின் உள்ளே இல்லாத, அவுட்போர்டு படகென்றால் சட்டத்துக்குப் போல்ட் துளையே கிடையாது. அங்கே இரண்டில் எது மலிவாகவும் தரமாகவும் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பின்பலகையையும் கையோடு தட்டிப் பாருங்கள். சட்டம் அழுகிய படகில் அது தப்பியிருப்பது அபூர்வம்.

எதை எடுத்தாலும் வேலை ஒன்றுதான். தளத்தை ஓரத்தில் மூன்று அங்குலம் விளிம்பு விட்டு வெட்டினோம். திரும்ப ஒட்ட அது தேவை. வெட்டுவதற்கு முன்பே ஓட்டின் அடியில் நெடுகிலும் மணல் மூட்டைகளை நெருக்கி அணைத்தோம். சட்டம் இல்லாத ஓடு தன் எடையிலேயே தொய்யும். தொய்ந்த நிலையில் புதுச் சட்டத்தை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரம். இரண்டு சட்டங்களையும் ஒரே நேரத்தில் எடுக்கவில்லை. ஒன்றை வைத்து முடித்த பிறகே அடுத்தது. பழைய சட்டத்தின் உயரத்தை அரை மீட்டருக்கு ஒரு இடமாக, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலை வைத்து அளந்து சுவரில் எழுதி வைத்தோம்.

பிறகு ஓட்டைக் கிரைண்டரால் தேய்த்தது; இந்த வேலையின் கசப்பான பகுதி இதுதான். சட்டத்தின் இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பெயின்ட், அழுக்கு, எண்ணெய் எதுவும் இல்லாமல், புது இழை தெரியும்வரை 36ஆம் நம்பர் டிஸ்கால் தேய்க்க வேண்டும். அந்தத் தூசு மூன்று நாள் குளித்தாலும் முழங்கை மடிப்பில் அரித்துக்கொண்டிருக்கும். நல்ல முகமூடி இல்லாமல் இறங்காதீர்கள். தேய்த்த ஓட்டை இரண்டு வாரம் வெயிலில் விட்டோம். ஈர ஓட்டில் பாலியஸ்டர் சரியாக இறுகாது.

சட்டத்தின் அடி விளிம்பு ஓட்டைத் தொடவே கூடாது. நடுவே 6 மி.மீ. இடைவெளி விட்டு, அதில் மெல்லிய நுரைப் பட்டையை வைத்தோம். தொட்டுக்கொண்டிருந்தால் அலை அடிக்கும்போதெல்லாம் ஓடு அந்தக் கோட்டில் மோதி, வெளியே கீறல் விழும். இரு பக்க மூலையையும் ரெசின் கலவையால் கட்டை விரல் பருமனுக்கு வளைவாக நிரப்பி, அது முழுதாக இறுகும் முன்பே முதல் மேட்டைப் போட்டோம். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட ஓர் அங்குலம் கூடுதலாக ஓட்டின்மேல் படர வேண்டும். எல்லா அடுக்கும் ஒரே கோட்டில் முடிந்தால் அங்கேதான் பிரியும்.

மாசி, பங்குனி காலை வேளையை இதற்கு எடுத்துக்கொண்டோம். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் ரெசின் வாளியிலேயே கட்டியாகிவிடும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் கிடைக்கும் நேரம் பாதியாகக் குறையும். மழைக்காலத்து ஈரக்காற்றும் ஆகாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கப்படும், நல்ல மேஸ்திரி கையில் கிடைக்க மாட்டார். அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

எஞ்சின் போல்ட் துளையை முழுக்கப் பைபர் கட்டையில்தான் போட்டோம் என்றாலும், 20 மி.மீ. துளை போட்டு எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் போல்ட்டுக்கான துளையைப் போட்டேன். பிளைவுட் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்; போல்ட் ஒருபோதும் மரத்தைத் தொடாமல் எபாக்ஸிக் குழாய்க்குள் நிற்கும். தண்ணீர்த் துளைகளிலும் இதே முறை, அல்லது பி.வி.சி. குழாய்த் துண்டை உள்ளே வைத்து ஒட்டிவிடுவது. தளத்தைத் திரும்பப் பொருத்தியபோது சட்டத்தின் தலையில் ஒரு திருகாணிகூட அடிக்கவில்லை. கெட்டியான ரெசின் கலவையைத் தடவி, தளத்தை வைத்து, மேலே மணல் மூட்டைகளை அடுக்கி இரண்டு நாள் விட்டோம். தளத்தில் கை நுழையும் அளவுக்கு மூன்று திறப்புகளும் வைத்திருக்கிறேன். முன்பு அப்படி ஒன்றுகூட இல்லை.

படகைத் தண்ணீரில் இறக்கி ஒரு நாள் கட்டிப் போட்ட பிறகுதான் எஞ்சினையும் சுழல்தண்டையும் நேர் பார்த்தோம். கரையில் பார்த்த நேர் தண்ணீரில் மாறும். இரண்டு இணைப்புத் தட்டுகளுக்கும் நடுவே இடுக்களவுத் தகட்டை விட்டு நான்கு பக்கமும் அளந்தோம், வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வரும்வரை மேஸ்திரி தாங்கிகளை நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு நான் ஸ்பானரை எடுத்து முன்பு சுற்றிய அதே இடத்துப் போல்ட்டை இறுக்கினேன். முக்கால் சுற்றில் நின்றது.